எக்காரணம் கொண்டும் ஏறக் கூடாது

அந்தப் படி ஒரு சாண் உயரம்தான் இருக்கும். மேசை போடுகிற அளவுக்கு அகலமான கருங்கல் படி. அதன் மேல் திருவிருந்து மேசை ஒன்று, வேதப்புத்தகம் வைக்கிற சாய்வு மேசை ஒன்று, இரண்டு பூச்சாடிகள். அதைத்தான் பீடம் என்போம். தாடிக்கொம்பிலிருந்து அகரம் தாண்டிப் போகிற வண்டிப்பாதையில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் ஆலயம். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நானும் அம்மாவும் போய் அந்தப் படியைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, மேசை விரிப்பை மாற்றி, சம்பங்கியோ செவ்வந்தியோ தோட்டத்தில் கிடைத்ததைச் சாடியில் வைத்துவிட்டு வருவோம். நான் கூடப் போக ஆரம்பிப்பதற்கு முன்னால் அம்மா தனியாகவே பல வருஷம் அதைச் செய்தாள். ஏன் ஏறினீர்கள் என்று எந்தப் பெரிய மனிதரும் எங்களைக் கேட்டதில்லை. விளக்குமாற்றோடு ஏறினால் ஊழியம், வேதப்புத்தகத்தோடு ஏறினால் அகங்காரம் என்பது எனக்கு இருபத்துநாலாவது வயதில்தான் தெரியவந்தது. ஆறிப்போன கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி முடித்து, எங்கள் ஊர் மிஷன் தொடக்கப்பள்ளியிலேயே டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பள்ளியில் இரண்டே பேர். தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. தலைமையாசிரியரே எங்கள் சபைக்கு உபதேசியாரும். அந்தக் காலத்தில் கிராமங்களில் அப்படித்தான். வாரநாளில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதம் வாசித்து ஜெபம் நடத்துவார். குருவானவர் டவுனில் இருந்தார். அவர் கையில் ஏகப்பட்ட ஊர்கள். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார்.

பொதுத்தேர்தலில் ஊர்ப் பெண்கள் எல்லாம் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த வருஷம் அது. அந்தக் கோடையில் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுத் தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். புது ஆள் வருகிறார், வருகிறார் என்று டவுனிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வந்தபாடில்லை. பள்ளிக்கூடம் முழுசும் என் தலையில் விழுந்தது. ஐந்து வகுப்பையும் ஒருத்தியாக வைத்துக்கொண்டு கத்தினேன். அதில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை.

முதல் ஞாயிறு தண்டவாளத் துண்டில் மணி அடித்தாயிற்று. ஆண்கள் முன்னால் பாய்களில் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பெண்கள் நாங்கள் வழக்கம்போலப் பின்னால், வாசலை ஒட்டி உட்கார்ந்தோம். பாட்டை அம்மா எடுத்துக் கொடுத்தாள். எங்கள் சபையில் பாட்டு எப்போதும் அம்மாவின் தொண்டையிலிருந்துதான் புறப்படும். பாட்டு முடிந்தது. சாய்வு மேசை சும்மா நின்றது. ஆண்களில் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. இன்னொருவர் கோயமுத்தூர் மில்லில் வேலை பார்த்தார், கிறிஸ்துமஸுக்குத்தான் முகம் காட்டுவார். செத்த நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அம்மா என் விலாவில் இடித்தாள்.

"படிச்சவ நீதான இருக்க. போ."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனேன். படியில் கால் வைக்கத் தயங்கியது உண்மை. அதே படியில் முந்தின நாள் சாயங்காலம் குந்தி உட்கார்ந்து மெழுகுத் துளிகளைச் சுரண்டியிருக்கிறேன், அப்போது தயங்கவில்லை. வாசித்தேன். வானம் இடியவில்லை. மூன்று ஞாயிறு அப்படியே போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, விஷயம் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது.

சேகரக் கமிட்டி என்று ஒன்று உண்டு. டவுன் ஆலயத்தையும் சுற்றியிருந்த கிராமச் சபைகளையும் சேர்த்து நிர்வாகம் பண்ணுகிற கமிட்டி, எல்லோரும் ஆண்கள். அதன் செயலாளர் தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பள்ளிக்கு மேலாளரும் அவரே. என்னை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பஸ்ஸை விட்டிறங்கி, பேகம்பூர் வழியாகத் தோல்மண்டி வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து போனேன். என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. அங்கே போனதும் அத்தனையும் மறந்துவிட்டது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

"ஏம்மா, நீ படியேறி வேதம் வாசிச்சியாமே?" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"ஆமாங்கய்யா. வாசிக்க ஆள் இல்ல."

"ஆள் இல்லைன்னா ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிட்டுக் கலைஞ்சு போங்க. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

"நான் வாசிச்சா மட்டும் கோவிச்சுக்குவாராய்யா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொம்பளைங்க சபையில வாய் திறக்கக் கூடாதுன்னு அப்போஸ்தலரே எழுதியிருக்கார். நானா எழுதினேன்?"

"அப்ப நாங்க பாடுறது? பாட்டை எடுத்துக் குடுக்கிறதே எங்கம்மாதான்."

"பாட்டு வேற."

"சண்டே ஸ்கூல்ல இதே வேதத்தைத்தான் வாசிக்கிறேன்."

"அது பிள்ளைகளுக்கு."

"பள்ளிக்கூடத்தையே என்கிட்ட விட்டிருக்கீங்களேய்யா."

"அது சர்க்கார் குடுக்கிற கிராண்டுப் பணத்துல நடக்கிறது. அதையும் இதையும் போட்டுக் குழப்பாத."

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நாட்டை யார் ஆளணும்னு சொல்றதுக்கு என் விரல்ல மை வச்சாக. எங்க ஊர் ஆலயத்துல ஒரு அதிகாரம் வாசிக்கிறதுக்கு நான் ஆகாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குரல் உயரவே இல்லை. கச்சேரியில் பழகிய மனிதர். "வேலையில இருக்கிற பொண்ணு வார்த்தையை அளந்து பேசணும், டீச்சரம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் எங்கள் கிணறு வற்றிக்கிடந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஊரைவிட்டு என்னை எங்காவது மாற்றினாலும் சரி, வேலையைவிட்டு நிறுத்தினாலும் சரி, அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று கோயிலுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். எங்களுக்கும் அது பொருந்தும் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தபாலில் கடிதம் வந்தது, கமிட்டி முத்திரையோடு. சபையில் எல்லோரும் கேட்க வாசிக்கப்பட வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. யார் வாசிப்பது? நான்தான் வாசிக்கவேண்டும், வேறு நாதி இல்லை. நான் வாசிக்கக் கூடாது என்ற உத்தரவை நானே வாசித்தேன், படியில் ஏறாமல், பெண்கள் பாயில் உட்கார்ந்தபடி. "இனி நமது சேகரத்துக்கு உட்பட்ட எந்த ஆலயத்திலும் பெண்கள் எக்காரணம் கொண்டும் பீடத்துப் படியில் ஏறக் கூடாது." கச்சேரிக்காரர் அல்லவா, உத்தரவு என்றால் ஓட்டை இல்லாமல் எழுதவேண்டும் என்று பழகிய கை.

"எக்காரணம் கொண்டும்னா?" என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டாள்.

"எதுக்காகவும்னு அர்த்தம்மா."

"பெருக்குறதுக்கு?"

நான் கடிதத்தை இன்னொரு தரம் பார்த்தேன். "அதுக்குந்தான்."

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி. பெரியவுக சொல்லிட்டாக, கீழ்ப்படிஞ்சிருவோம்" என்றாள். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. முன்னால் இருந்த ஆண்களுக்கு அது என்ன சிரிப்பு என்று அப்போது புரியவில்லை.

பிறகு நான் உட்கார்ந்த இடத்திலேயே வேதத்தைத் திறந்து, அன்றைக்கு வாசிக்கவேண்டிய பகுதியை வாசித்தேன். படியில் ஏறக் கூடாது என்றுதான் உத்தரவு. பாயில் உட்கார்ந்து வாசிக்கக் கூடாது என்று அதில் இல்லை. ஓட்டை இல்லாமல் எழுதினேன் என்று அவர் நினைத்திருப்பார், பாவம். ஆண்கள் சும்மா நிற்கிற மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், என் குரல் அவர்கள் பிடரிக்குப் பின்னாலிருந்து போயிற்று.

அடுத்த ஞாயிறு, சம்பங்கித் தோட்டக்காரர் ஒருவர் நடுவாசிப்பில் எழுந்தார். வயதானவர், காது மந்தம். பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏத்தா, ஒன் வாயைப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும். அங்கிட்டுப் பாத்து உக்காந்தா அம்புட்டும் காத்தோட போகுது" என்றார்.

சட்டம், சமத்துவம் எதுவும் அவர் மனசில் இல்லை. கேட்க வந்தவர், கேட்கவேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். அவரைப் பார்த்து அவர் தம்பி திரும்பினார். பேச்சுக்குரலுக்கு முதுகு காட்டி உட்காருவது மரியாதையில்லை என்று இன்னும் நாலு பேருக்குத் தோன்றியிருக்கவேண்டும். மூன்று வாரத்தில் எங்கள் சபை முழுவதும் பீடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்து ஆராதனை நடத்தியது. பாயில் சம்மணம் போட்டபடி நான் வாசித்தேன், ஜெபம் பண்ணினேன், இரண்டு மூன்று தடவை வாசித்ததற்கு விளக்கமும் சொன்னேன்.

ஒரே ஒருவர் மட்டும் திரும்பவில்லை. என் அப்பா.

முன்வரிசையில் தனியாக, பீடத்தைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அது எனக்கு வலித்தது. செயலாளர் பேசியதுகூட அப்படி வலிக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"நான் வாசிக்கிறது ஒங்களுக்குப் பிடிக்கலையாப்பா?"

"நீ வாசிக்கிறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. பீடத்துக்கு முதுகு காட்டி இந்த வயசு வரைக்கும் உக்காந்ததில்ல. இனிமேலும் மாட்டேன்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அங்க தூசி மண்டிக் கெடக்கு. ஒட்டடை தொங்குது. ஆத்தாளும் மகளும் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கீக."

"எக்காரணம் கொண்டும் ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்காக" என்றாள் அம்மா, அவர் தட்டில் வெஞ்சனத்தை வைத்தபடி. "அம்புட்டு வருத்தமா இருந்தா வெளக்குமாறு மூலையில இருக்கு. நீங்க போய்ப் பெருக்குங்க."

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். எங்கள் ஊரில் விளக்குமாறு பிடித்த ஆண்பிள்ளையைப் பத்து வருஷத்துக்குக் கேலி பண்ணுவார்கள். அவருக்கும் அது தெரியும்.

அவர் சொன்னது பொய்யில்லை. குருவானவர் காய்ச்சலில் படுத்து இரண்டு மாதம் வரவில்லை. அதற்குள் படி பார்க்கச் சகிக்காமல் போயிற்று. உத்திரத்தில் கூடு கட்டியிருந்த குருவிகள் திருவிருந்து மேசை மேலேயே எச்சமிட்டன. சாடியில் கடைசியாக வைத்த செவ்வந்தி கருகிச் சருகாக நின்றது. தரை முழுக்க நாங்கள் பளிச்சென்று பெருக்கி வைத்திருந்தோம். படி ஆரம்பிக்கிற இடத்தில் விளக்குமாறு நின்றுவிடும். அம்மாவுக்கு அதைப் பார்க்கும்போது கை பரபரத்தது எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் படியருகே போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். அவளுக்கு அது விளையாட்டாக இல்லை.

குருவானவர் உடம்பு தேறி வந்த ஞாயிறு. சொன்ன நேரத்துக்கு அரைமணி முந்தியே அவருடைய ஜட்கா குதிரைவண்டி வந்துவிட்டது. கூடவே செயலாளரும் இறங்கினார். உள்ளே நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வாசலில் வந்து நின்றபோது மொத்தச் சபையும் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிராமத்து ஜனங்கள் தம்மை எதிர்கொண்டு வரவேற்கக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் பதிலுக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் தம் காலடியில், பாயில், மடியில் வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் சுண்டிப்போயிற்று.

விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அங்கே அப்பாவின் முதுகு தெரிந்தது. "இத்தனை பேர்ல இந்த ஒருத்தருக்காவது பயபக்தி இருக்கே!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனவர் படியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன இது? மாட்டுத்தொழுவமா? இதுல எப்படித் திருவிருந்து வைக்கிறது?" திரும்பி என்னைப் பார்த்தார். "ஏம்மா, என்ன பாத்துக்கிட்டிருக்க? வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்து ஏறிப் பெருக்கு, சீக்கிரம்."

நான் எழுந்து நின்றேன். "ஏற மாட்டேங்கய்யா. எக்காரணம் கொண்டும் ஏறக் கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"திமிரா? அது வாசிக்கிறதுக்குச் சொன்னது!"

"அப்படி எழுதலைய்யா. கடுதாசி என்கிட்டதான் இருக்கு. வாசிச்சுக் காட்டவா?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். செயலாளர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், நகரவில்லை. மற்றப் பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. குருவானவர் கையில் அப்பமும் ரசமும் இருந்த பெட்டியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

செயலாளர் அப்பாவிடம் போனார். "பெரியவரே, உம்ம மகளுக்குப் புத்தி சொல்லும். இன்னைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுக்கலைன்னா வர்ற ஜூன் மாசம் அவ இந்த ஊர்ல இருக்க மாட்டா. சம்பளத்தை நம்பி இருக்கிற குடும்பம், யோசிச்சுக்கோரும்."

அப்பா எழுந்தார். என்னிடம் வருவார் என்று நினைத்தேன். வந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைத் தாண்டிப் போனார். வாசல் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பார்க்க, அந்தப் படியில் ஏறிப் பெருக்கினார். பழகாத கை, தூசி பாதி அவர் மேலேயே விழுந்தது. பிறகு குந்தி உட்கார்ந்து, துண்டை அவிழ்த்துக் கல்லைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி, கல்லைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அய்யா, இங்கிட்டு வந்து தொட்டுப் பாருங்க" என்றார் செயலாளரிடம். "இந்தக் கல்லு கொத்திப் போட்டப்போ சொரசொரன்னு இருந்துச்சு. நாந்தான் வண்டியில கொண்டாந்தேன். இப்ப வழுவழுன்னு கெடக்கு. அம்புட்டும் என் பொண்டாட்டி கை. இருவது வருசமா அவ ஏறின படி இது. இம்புட்டு நாளா இத்தனை பக்கத்துல உக்காந்தும் எனக்குத் தெரியல."

அப்பா இறங்கி வந்தார். முன்வரிசையில் கிடந்த தன் பாயை உருவிக்கொண்டு வந்து, எனக்கு நேர் எதிரே, பீடத்துக்கு முதுகைக் காட்டி விரித்து உட்கார்ந்தார். முகமெல்லாம் ஒட்டடை.

"பாதியில நிக்குது. வாசி ஆத்தா" என்றார்.

வாசித்தேன். எழுத்து எதுவும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். பாதி மனப்பாடமாகத்தான் சொன்னேன். குருவானவர் தைரியசாலி அல்லர். ஆனால் அவர் தடுக்கவில்லை. நான் முடிக்கும்வரை பெட்டியோடு நின்றார். அன்றைக்குச் சபையில் வாய் திறக்காமல் இருந்தவர் அவர்தான்.

மன்னிப்புக் கடிதம் நான் எழுதவில்லை. ஜூன் மாதம் சொன்னபடி மாற்றினார்கள், வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு ஊருக்கு. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டும். கஷ்டப்பட்டேன், அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பெண்களுக்குச் சபையில் இடம் கொடுத்திருக்கிறோம் என்று சிலர் மேடையில் பேசுவதைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொடுத்தார்களாம்! பெருக்கித் துடைத்து வழுவழுப்பாக்கி வைத்த கல்லை எங்களுக்கே எடுத்துக் கொடுத்தார்களாம்.

என்னை மாற்றியதும் எல்லாம் அடங்கிவிடும் என்று செயலாளர் நினைத்தார். புது உபதேசியார் அப்போதும் வந்தபாடில்லை. நான் போன அடுத்த ஞாயிறே, என்னிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்த இரண்டு பெண்கள் அந்தப் பாயில் உட்கார்ந்து மாறி மாறி எழுத்துக்கூட்டி வாசித்தார்களாம். ஆண்கள் அப்படியே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்களாம். விஷயம் கேள்விப்பட்டு அவர் மறுபடியும் ஜட்கா பிடித்து வந்து, யார் அந்தப் பெண்கள், பெயரைச் சொல் என்று கேட்டிருக்கிறார். அப்பாதான் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்று தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"இவளுகதான்யா" என்றாராம் அப்பா. "எந்த ஊருக்கு மாத்தப் போறீக?"